நாற்பத்தொரு மார்க்

"நாற்பத்தொண்ணு. இதைப் பிரிச்சு வேற படிக்கணுமா?"

மருத்துவக் கல்லூரியின் மாணவர் தேர்வுக் குழுத் தலைவர், கோப்பின் மேல் அட்டையில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்த மதிப்பெண்ணைத் தட்டிக் காட்டினார். எதிரே இருந்த பெண் டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினாள். கல்லூரியில் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பிடிவாதம்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. நுழைவுத் தேர்வில் எழுபதுக்குக் கீழே எடுத்தவர்களின் விண்ணப்பத்தை இனிமேல் பிரிக்கவே வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. குழுவில் நாலு பேர். நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எலும்பு டாக்டரும் பதிவாளரும் போட்டாகிவிட்டது. தலைவரும் போட்டாகிவிட்டது. 'பிடிவாதம்' மட்டும் காலையிலிருந்து பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.

மேஜையடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதில், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதுபோல் சணல் கயிற்றால் கட்டி, நாற்பத்து மூன்று கோப்புகள். அவள் கையெழுத்து விழுந்தால் அத்தனையும் குப்பைக்கு.

மத்தியானம்தான் அவள் ஒரு பந்தயம் கட்டினாள். பெட்டியிலிருந்து ஒரே ஒரு கோப்பைப் படிக்க வேண்டும். படித்துவிட்டும் தலைவர் வேண்டாம் என்றால், மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். அவளே குனிந்து கயிற்றை அவிழ்த்து இந்தக் கோப்பை எடுத்து வைத்தாள்.

முதல் பக்கத்தில் பெயரும் படமும் பிறந்த தேதியும் தெரியாதபடி பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே வரக்கூடாது என்று தலைவரே கொண்டுவந்த ஏற்பாடு அது. நேர்மையான மனிதர்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. என்ன ஒன்று, மார்க்கைப் பார்த்தால் மனிதரைப் பார்த்த மாதிரி அவருக்கு.

"படிங்க சார், கேட்போம்" என்றார் எலும்பு டாக்டர்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விண்ணப்பித்தவளுக்கு அப்பா இல்லை. அம்மா வைத்திருக்கும் தையல்கடையில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். தேர்வுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடங்கள் திறக்கும் நேரம், ஆர்டர் குவிந்துவிட்டது. புத்தகத்தைத் தொட முடியவில்லை. இதையெல்லாம் எழுதிவிட்டு, அனுதாபம் எதுவும் தேவையில்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். இந்தப் பேட்டையிலேயே என்னைப்போல் பொத்தான் துளை தைக்க ஆள் கிடையாது என்று இன்னொரு வரி.

பதிவாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை.

"திமிர் மட்டும் தொண்ணூறு மார்க்" என்றார்.

"தேர்வுல திமிருக்கு மார்க் போடறதில்லை சார். போட்டிருந்தா தேறியிருப்பா" என்றாள் 'பிடிவாதம்'.

தலைவருக்குக் கோபம் ஏறியது. முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இந்த மார்க்குக்கு முதல் வருஷமே தாண்ட முடியாது என்றார். குரல் உயர்ந்துகொண்டே போனது.

"மெதுவா சார்" என்றாள் அவள். "ஆபரேஷன் ஆகி ஏழு மாசம்தான் ஆகுது."

அவர் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் தணிந்துதான் பேசினார்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கென்னம்மா கோபம்? துணியைத் தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைக்கலாம். மனுஷனை முடியுமா? நாற்பத்தொண்ணு வாங்கினவ முன்னாடி நெஞ்சைத் திறந்துக்கிட்டு நீங்க படுப்பீங்களா? நான் படுக்க மாட்டேன்."

"இதுதான் உங்க முடிவா?"

"இதுதான்."

சிவப்புப் பென்சிலால் 'தகுதியில்லை' என்று எழுதி, தேதியும் போட்டுக் கோப்பை அவள் பக்கம் தள்ளினார். எலும்பு டாக்டர் பாவம் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். பதிவாளர் தாளை நகர்த்தி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

"சொன்ன சொல் மாற மாட்டேன் சார், போட்டுடறேன். அதுக்கு முன்னாடி இவ பேரை ஒரு தடவை பார்த்துடலாமா? அதான் வேண்டாம்னு முடிவாயிடுச்சே."

தலைவர் கையை விரித்தார். பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று அர்த்தம். அவள் பழுப்புக் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பி, நிதானமாக உரித்தாள். பிறகு கோப்பைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

தலைவர் பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இதே காலேஜுக்கு நான் போட்ட விண்ணப்பம் சார். ஒரு எழுத்து மாத்தாம புதுப் படிவத்துல டைப் அடிச்சுப் பெட்டியில வச்சேன். அப்போ இருந்தவங்க பிரிச்சுப் படிச்சாங்க" என்றாள் அவள். "படுக்க மாட்டேன்னு சொல்றீங்களே, ஏழு மாசம் முன்னாடி என் முன்னாடிதானே படுத்தீங்க? உங்க நெஞ்சைத் திறந்ததும் நான்தான், தைச்சதும் நான்தான்."

தலைவரின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய், உள்ளே இருந்த தழும்பைத் தடவியது. பிறகு அதே கை கீழே இறங்கி, மேஜையடியில் இருந்த பெட்டியை இழுத்தது.