செங்கல் சூளை

ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் தம்பி, நின்றபடியே இன்ஜின் ஓடிய அக்காவின் காருக்குப் புகைச் சோதனை செய்தான். கருவியில் எண் எகிறியது.

“காருன்னு சொல்லிச் செங்கல் சூளை ஓட்டுறியேக்கா!”

பிளக்கை மாற்றினான். ஏர் ஃபில்டரை மாற்றினான். எண் இறங்கவேயில்லை.

“இப்படி வண்டி வச்சிருக்கிறதுக்கு நீ நடந்தே போகலாம்!”

“டேய், பிளக் மாத்த இன்ஜினை ஆஃப் பண்ணச் சொன்னே. அதுக்கப்புறம் நான் ஸ்டார்ட்டே பண்ணலையே!”

“அப்ப ஓடுற சத்தம்?”

தம்பி கருவியின் குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனான். அது, அக்காவின் காருக்குப் பின்னால் உரச நின்ற அவனுடைய சொந்தக் காரின் சைலன்சருக்குள் செருகியிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாதென்று காலையிலிருந்து அதை அவன் அணைக்கவே இல்லை.

அக்கா தன் காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

“நடக்க வேணாம். சூளையில ஏறு, வீட்டுல விடுறேன்.”