பழைய பதிப்பு, நாலு மணிக்குள்

மூன்றாவது தடவையும் எதிர் மேஜைத் திரையில் சிவப்பு எழுத்து வந்தபோது அவளுக்கு நன்றாகப் பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அங்கே சீமாட்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சீமாட்டி என்பது அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம். அதற்குள் டீம் லீடர் பதவிக்குச் சீமாட்டியின் பேரும் அடிபட்டது. அந்த நாற்காலிக்காக ஆறு வருஷமாகக் காத்திருப்பவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அக்கா, பழைய டேட்டாபேஸை இன்ஸ்டால் பண்ணா, புதுசோட ஒத்துப்போகாதுன்னு திருப்பி அனுப்புது. புதுசை எடுத்துட்டுப் போட்டாலும் அதே எரர்தான்."

"எரர்ல என்ன எழுதியிருக்கோ அதைப் படி. இங்கிலீஷ்தானே, உனக்குத் தெரியாததா?"

பக்கத்தில் சோதனை வேலை பார்க்கும் டெஸ்டிங் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார். "புது மருமக வந்து உக்காந்த வீட்டுக்கு மாமியாரைத் திரும்பக் கூப்பிட்டா சண்டை வரத்தாம்மா செய்யும்."

வெள்ளிக்கிழமை சர்வரைப் புதுப் பதிப்புக்கு ஏற்றியது சீமாட்டிதான். எல்லாம் ஓடியது, ஒரு கல்லூரியின் பழைய மதிப்பெண் பதிவேட்டைத் தவிர. அதற்குப் பழைய டேட்டாபேஸ்தான் வேண்டும். கல்லூரிக்காரர்கள் நாலு மணிக்கு வந்து பார்க்கப்போகிறார்கள். அவர்கள் கிளம்பியதும் லீடர் யார் என்று சொல்லிவிடுவதாக மேனேஜர் காலையிலேயே இருவர் காதிலும் போட்டுவைத்திருந்தார்.

"செட்டிங்ஸ்ல ஏதாவது மாத்திப் பாக்கட்டுமாக்கா?"

"மாத்து. ஆனா பேரும் தேதியும் போட்டுட்டு மாத்து."

எந்த செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தாலும், சேர்த்தவர் பக்கத்திலேயே தன் பேரையும் தேதியையும் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். முதல் வாரம் சீமாட்டி அதை மறந்துவிட்டதற்கு, எல்லார் முன்னாலும் வைத்து அந்தப் பெண்ணை இவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். "பழகு. பழகிட்டா உன்னைக் கேக்காமலே கை தானா போடும்."

இரண்டு மணிக்கு மேனேஜர் அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். "நீ சனிக்கிழமை ஆபீஸ் வந்தியாமே, வாட்ச்மேன் சொன்னார். அப்ப இந்த மெஷின் ஒழுங்காத்தானே இருந்துச்சு?"

"சார்ஜரை மறந்துட்டுப் போயிட்டேன் சார், எடுக்க வந்தேன்."

"சரி, இவளுக்கு ஒரு கை குடேன்."

"லீடர் ஆகப்போறவங்களுக்கு நான் என்னத்த சார் சொல்லிக்குடுக்கறது? அவங்களே பாத்துப்பாங்க."

அடுத்து சீமாட்டி செய்த காரியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து, "அப்பா, பதிப்பு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத டிபெண்டென்சி பிரச்சினைப்பா, கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள். காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கையாட்டுகிற அப்பா. எரரைப் படித்துக் காட்டினால் அந்தப் பக்கம் புரிந்துகொள்கிற அப்பா.

அவளுக்கும் அப்பா இருக்கிறார். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்குது" என்பார். ஆறு வருஷத்தில் அவள் யாரிடமும் எந்த எரரையும் படித்துக் காட்டியதில்லை. தெரியாததை எல்லாம் தானாக முட்டிமோதித்தான் கற்றுக்கொண்டாள்.

"அதுவாப்பா? எந்தப் பதிப்பை உள்ள விடலாம்னு எழுதிவைக்கிற ஃபைல்தானே? திறந்துட்டேன், இருங்க."

சீமாட்டியின் விரல்கள் நின்றன. வெகுநேரம் திரையையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.

மூன்றே முக்காலுக்குப் பழைய டேட்டாபேஸ் ஏறியது. பதிவேடு பளிச்சென்று திறந்தது.

"என்னம்மா ஆச்சு?" மேனேஜர் ஓடிவந்தார்.

"பழைய பதிப்பை உள்ள விடாதேன்னு ஒரு வரி இருந்துச்சு சார். எடுத்துட்டேன்."

"அதை யாரு போட்டது?"

அவள் டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். டம்ளர் கவிழப் பார்த்தது.

"நான்தான் சார்," என்றாள் சீமாட்டி. "வெள்ளிக்கிழமை அவசரத்துல தெரியாம போட்டிருக்கேன்."

மேனேஜரின் முகம் சுருங்கியது. கல்லூரிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார்.

"தானே பூட்டிட்டு நாள் பூரா தானே சாவி தேடுறவளை நம்பி டீமைக் குடுக்க முடியாது." அவள் பக்கம் திரும்பினார். "இனிமே நீதான் லீடர்."

டெஸ்டிங் அண்ணன் முதலில் கை தட்டினார். சீமாட்டி ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கிடைத்த நாற்காலியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவளுக்கு மனசில்லை. அப்பாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். லீடர் என்றால் என்னவென்று கேட்பார். பரவாயில்லை, விளக்கிச் சொல்லலாம்.

அதற்குள் சீமாட்டி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மற்றவர்கள் பார்க்கும்படி சிரித்துக்கொண்டே, காதோரம் குனிந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா, பழகிட்டா கை தானா பேரைப் போடுது. அந்த வரிக்குப் பக்கத்துல இருந்த உங்க பேரையும் சனிக்கிழமை தேதியையும் அழிச்சிட்டேன்."