இடது கணுக்கால்

"இன்னும் கடிக்குது, வெண்டெலின்." பனிச்சறுக்கு பூட்ஸை என் கடை மேஜைமேல் வைத்தார் வால்புர்கா. இந்தக் குளிர்காலத்தில் இது ஒன்பதாவது செவ்வாய்.

"ரெண்டு சாக்ஸ் போட்டீங்களா?"

"நான் என்ன சறுக்கத் தெரியாத வியன்னாக்காரியா? ஒண்ணுதான். நேத்து பாதிச் சரிவு இறங்குறதுக்குள்ள இடது கணுக்கால்ல உயிரே போயிடுச்சு."

பூட்ஸை விரிக்கும் இயந்திரத்தில் மாட்டினேன். நாற்பது நிமிடம் ஆகும் என்றேன். அதுவரை, இறந்துபோன கணவரின் குறட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான்.

பிறகு போட்டுப் பார்த்தார். "இப்பச் சரியா இருக்கு." குரல் இறங்கியது. "நாளையோட மலைக்கு ஏத்துற லிஃப்டெல்லாம் நிறுத்திடுவாங்க. இனிமே டிசம்பர்தான், இல்ல?"

"எங்க சரியா இருக்கு? இங்கயே விட்டுட்டுப் போங்க. கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா விரிக்கணும். செவ்வாய்க்கிழமை வந்து போட்டுப் பாருங்க."

"கடை மூடியிருக்குமே?"

"நான் இருப்பேன். கதவைத் தட்டுங்க."

அவர் போனதும் பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் ஒரு கீறலும் இல்லை. விலைச்சீட்டுகூட உரியவில்லை.

முதல் செவ்வாயே இதைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த இயந்திரத்தின் சுவிட்சை நான் போட்டதே இல்லை.