இடது பக்கத்து பிரேக்

மைக் இரண்டாவது வரிசைக்கு வந்தபோது அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

பழக்கதோஷம்.

தம்பியின் காரில் ஏறினாலும் அழுத்தும். சினிமாவில் யாராவது யாரையாவது துரத்தினாலும் அழுத்தும். ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு, கற்றுத்தருகிறவரின் காலுக்கு. பல வருடங்களாக அவள் கால் குடியிருப்பது அங்கேதான்.

பாளையங்கோட்டையில் அவர்கள் படித்த கல்லூரி. அதே வேதியியல் வகுப்பறை. பழைய மாணவிகளை ரோல் நம்பர் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து, இங்கிருந்து போன பிறகு என்ன ஆனாள் என்று சொல்ல வேண்டும்.

முத்துச்செல்வி டொராண்டோவில் இருக்கிறாளாம். சுகிர்தா மாத்திரைக் கம்பெனியில் பெரிய அதிகாரி. ஒருத்தி தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு, மகனின் நீட் மார்க்கைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள்.

எல்லோருக்கும் கைதட்டல். அவளும் தட்டினாள். மனதாரத்தான் தட்டினாள். யாரைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமை இல்லை.

அவள் பயமெல்லாம் முன்வரிசையில், வெள்ளைப் பருத்திச் சேலையில் உட்கார்ந்திருந்தது.

ஹெப்சிபா மேடம். அந்த நாளில் துறைத்தலைவர். யார் யாரையோ பார்த்துப் பேசி, பெங்களூரில் அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வாங்கித் தந்தவர். என் ஸ்டூடண்ட் போறா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர்.

அவள் போகவில்லை.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கல்யாணம் குறுக்கே வந்ததா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கோடை விடுமுறையில் பொழுது போகாமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேதியியல் பிடிக்காமல் போகவில்லை. வண்டி அதைவிடப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானை மேடத்திடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சொல்லவே இல்லை. அன்றிலிருந்து மேடத்தின் கண்ணில் படாமல் காலம் தள்ளினாள். மார்க்கெட்டில் அந்தச் சேலை தெரிந்தால், பொறுக்கிய கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவாள். அவளிடம் வண்டி கற்ற பெண்கள் ஊரில் எல்லாத் தெருவிலும் ஓட்டியிருக்கிறார்கள். மேடம் இருக்கும் தெருவில் ஒருத்திகூட ஓட்டியதில்லை.

பக்கத்தில் இருந்த பர்வீன் முழங்கையால் இடித்தாள்.

“ஏட்டி, சொந்தமா தொழில் பண்ணுதேன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துரு. யாரு தோண்டித் துருவப் போறா?”

நல்ல யோசனைதான். பொய்யும் இல்லை.

கால் அழுத்தியது. மைக் நிற்கவில்லை. கைக்கு வந்துவிட்டது.

எழுந்தாள்.

“சொந்தமா...”

மேடம் திரும்பிப் பார்த்தார். செய்முறைத் தேர்வில் கேள்வியைக் கேட்டுவிட்டு, இவளுக்குப் பதில் தெரியும் என்று பொறுமையாகக் காத்திருப்பாரே, அதே பார்வை.

“டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். பொம்பளைங்களுக்கு மட்டும். நான்தான் கூட உக்காந்து சொல்லிக் கொடுக்கேன்.”

மைக்கை நீட்டப் போனவள் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“பிடிச்சுத்தான் செய்யுதேன்.”

கைதட்டல் சற்றுப் பிந்தி வந்தது. வந்தபோது பலமாகவே வந்தது.

மேடம் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வருத்தமாக இருந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது. மதியம் பிரியாணியை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மைதானத்தின் ஓரத்தில் அவள் வண்டி மட்டும் மிச்சம் நின்றது. முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு.

மேடம் மெதுவாக நடந்து வந்தார். சந்துக்குள் நுழைய இங்கே சந்து எதுவும் இல்லை.

மேடத்தின் கணவர் இப்போது உயிரோடு இல்லை என்பதும், அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் உறை போட்டபடி வாசலிலேயே நிற்பதும் பர்வீன் சொல்லித் தெரியும்.

“வாங்க மேடம். வீட்ல விட்டுருதேன்.”

இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள். மேடம் ஏறவில்லை. பானெட்டில் கையை ஊன்றியபடி வண்டியைச் சுற்றிப் போனார். வலது பக்கக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டார்.

தான் திறந்து பிடித்த கதவு வழியாக அவளே இடது பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“கிரவுண்டு காலியாத்தான கிடக்கு,” என்றார் மேடம். பிறகு, வண்டியின் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி, “உன் வண்டி எல்லாத் தெருவுக்கும் வருது. எங்க தெருவுக்கு மட்டும் வர்றதே இல்ல,” என்றார்.

அவள் கையை நீட்டி மேடத்துக்கு பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

மேடம் ஸ்டியரிங்கை ஆய்வகக் கண்ணாடிக் குழாய்போல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

“முழுக் கையால பிடிங்க மேடம். உடையாது.”

வண்டி குலுங்கி நின்றது. மறுபடியும் குலுங்கி நின்றது. அதற்கடுத்த முறை நகர்ந்தது.

மைதானத்தின் கோடியிலிருந்த வேப்பமரம் நேர் எதிரே வந்துகொண்டிருந்தது.

அவள் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

அழுத்தவில்லை.

மேடம் திருப்பினார்.