போல்ட் போக மீதி

“இவன் ஸ்டோர் கீப்பரா, கனவு காணுற ஆளா? நீங்களே பாருங்க பிரசன்னா!”

மேனேஜர் மோகன்ராஜ் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பம்புசெட் தயாரிக்கும் சின்னத் தொழிற்சாலை. அதன் சரக்குப் பட்டியலைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றித்தர வந்திருந்தான் பிரசன்னா.

நாலாயிரம் வரிகள். போல்ட்டின் அளவை எழுத வேண்டிய கட்டத்தில், ஸ்டோர் கீப்பர் தனக்கோடி ராமாயணமே எழுதி வைத்திருந்தார்.

“அளவை மட்டும் பிரிச்சு எடுக்க முடியுமா?”

“ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒண்ணு இருக்கு சார். ‘எம்’னு ஒரு எழுத்து, பக்கத்துல நம்பர், அப்புறம் நீளம். இந்த அமைப்புல எது வந்தாலும் அதை மட்டும் கவ்விட்டு வந்துடும்.”

“மீதியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தனியா எடுங்க. ஆபீஸ் நேரத்துல கதை எழுதுறான்னு எம்.டி.கிட்ட காட்டணும். இந்த மாசத்தோட ஆளை அனுப்பிடலாம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனக்கோடி, தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்டபடி நின்றிருந்தார். கையில் ஒரு நட்டு. அதை எங்கே வைப்பது என்றே மறந்துபோனவர் மாதிரி இருந்தார்.

பிரசன்னா வெளியே வந்தான்.

“அண்ணே, இவ்ளோ எழுதணுமா?”

“நான் லீவு போட்டா, என் எடத்துல நிக்கிறவனுக்கு இன்னா தெரியும் தம்பி? அதான் எழுதி வெச்சிக்கீறேன்” என்றார் தனக்கோடி, மழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலை போகப்போவது தெரியாத முகம். பிரசன்னாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வந்த வேலையைச் செய்யத்தானே வேண்டும்?

உள்ளே வந்து புரோகிராமை ஓடவிட்டான். அளவுகளெல்லாம் ஒரு பக்கம் வரிசை கட்டின. இன்னொரு பக்கம் வெறும் வாக்கியங்கள் நின்றன.

“சத்தமா படிங்க.” மோகன்ராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“‘மழை நாளில் இது வியர்க்கும். துடைத்துவிட்டுக் கொடுக்கவும்.’”

“பாத்தீங்களா! போல்ட்டுக்கு வேர்க்குதாம்!”

“‘பேக்கிங் தாயாரம்மாளுக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. டப்பாவைத் திறந்து காட்டவும். நாலு பேர் எதிரில் வேண்டாம்.’”

“இவனுக்கு ஏன் ஊர் வம்பு?”

பிரசன்னா சிரிக்கவில்லை. பட்டப்பகலில் யாரோ தூக்கத்தில் பேசுவதைக் கேட்பது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றும் இருந்தது.

“‘லேத் பொன்னுசாமிக்கு இதில் நாலு சேர்த்துத் தரவும். கை நடுங்கிக் கீழே போட்டுவிடுவார். குனிந்து தேட விட வேண்டாம்.’”

“போதும் போதும். அடுத்ததைப் படிச்சிட்டு, எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்க. எம்.டி. வர்ற நேரம்.”

அடுத்த வரியில் பிரசன்னாவின் குரல் நின்றுவிட்டது.

“என்னங்க, படிங்க!”

தயங்கித் தயங்கிப் படித்தான்.

“‘இந்த அளவு நமக்கு ஆகாது. தப்பாக இரண்டாயிரம் வாங்கியது மோகன்ராஜ் சார். எம்.டி. கேட்டால், தனக்கோடிதான் வாங்கினான் என்று சொல்லவும். சார் வீட்டில் கல்யாணம் வருகிறது.’”