கொடிக்கு ஒரு கணம் முன்

கோட்டில் இரண்டு கார்களும் மூக்கை நீட்டி நின்றன. இடப்பக்கம் மார்லிஸின் கறுப்பு ஃபோர்ட். வலப்பக்கம் கொரினின் பச்சை ஃபோர்ட். இரண்டுமே எண்பது வயது தாண்டியவை.

கைவிடப்பட்ட விமான ஓடுதளம் அது. இருபுறமும் நெப்ராஸ்காவின் ஆகஸ்ட் மாதச் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஓட வேண்டிய தூரம் இருநூறு மீட்டர். இந்த வருடத்தின் கடைசி ஓட்டம்.

மார்லிஸுக்குக் கோப்பை பெரிதில்லை. இந்தப் பச்சைக் கார் தனக்கு முன்னால் கிளம்புவதை மட்டும் ஒரு முறையாவது தடுக்க வேண்டும்.

கொரின் மே மாதம்தான் ஊருக்கு வந்தாள். வந்த அன்று ஓடிய முதல் ஓட்டத்திலேயே ஒரு கணம் முந்திக் கிளம்பி, அரைக் கார் நீளத்தில் ஜெயித்தாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் அதே அரைக் கார். அவளுடைய சிவப்புக் கையுறையைக் கண்டாலே மார்லிஸுக்கு எரிந்தது. அவள் தோற்றவர்களிடம் சிரித்துப் பேசுவதைக் கண்டால் அதைவிட எரிந்தது.

பக்கத்தில் கார் நிறுத்தும் ஆர்லோ காலையில்கூடக் கேட்டான். "கொடி தூக்குறது ஒங்க வீட்டுக்காரருதானே? ஒரு கண்ணாவது அடிக்கச் சொல்லக்கூடாதா?"

கேலன் அப்படிப்பட்டவன் இல்லை. மனைவி கோட்டில் நிற்கும்போது அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஊரே அதைச் சொல்லிப் பெருமைப்படும்.

அதனால் மார்லிஸ் கோளாறைக் கொரினின் இயந்திரத்தில்தான் தேடினாள்.

இந்தப் பழைய இயந்திரங்களில் வால்வுகள் மேலே இருப்பதில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், இரும்புக் கட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மேலே இருப்பது பாத்திர மூடி மாதிரி ஒரு தட்டைத் தலை, அவ்வளவுதான். சூடான புகை அந்தக் கட்டைக்குள்ளேயே சுற்றித்தான் வெளியே போக வேண்டும். அதனால் நின்ற இடத்திலேயே கொதித்துவிடும். இதற்குள் ஒருவர் செய்யக்கூடிய தந்திரம் எல்லாம் மார்லிஸுக்குத் தெரியும்.

தோற்றவருக்குச் சந்தேகம் வந்தால், வென்ற காரின் இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் தன் கையாலேயே கழற்ற வேண்டும், தன் கையாலேயே மூட வேண்டும். ஜூலையில் மார்லிஸ் கழற்றினாள். ஒரு தலைக்கு இருபத்து நான்கு நட்டு, இரண்டு தலை. கொரின் பக்கத்திலேயே நின்று, வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்தாள்.

அளந்து பார்த்தார்கள். அந்த இயந்திரம் மார்லிஸுடையதைவிடச் சிறியது.

அப்படியென்றால் வித்தியாசம் காரில் இல்லை. கோட்டில் இருக்கிறது.

கொடி எழுவதைக் கண் பார்க்க வேண்டும். கண் மூளைக்குச் சொல்ல வேண்டும். மூளை காலுக்குச் சொல்லி, கால் கிளட்சை விட வேண்டும். யாராக இருந்தாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது போய்விடும். அதில் பாதியை மிச்சம் பிடித்தால் எல்லையில் அரைக் கார் நீளம் கிடைத்துவிடும். மனிதக் கண்ணால் அது முடியாது, கொடி எழப்போவது முன்பே தெரிந்தால் தவிர.

இரண்டு கார்களுக்கும் நடுவே, பத்தடி முன்னால், கேலன் குனிந்து கொடியின் நுனியைத் தரையில் ஊன்றினான்.

மார்லிஸ் இந்த முறை கொடியைப் பார்க்கவில்லை. கொரினைப் பார்த்தாள்.

கொரினும் கொடியைப் பார்க்கவில்லை.

கொடி கேலனின் வலது கையில் இருந்தது. கொரினின் கண்கள் சும்மா தொங்கிக்கொண்டிருந்த இடது கையில் குத்தி நின்றன. மார்லிஸின் பார்வையும் அங்கே போனது.

மோதிர விரல் மெல்ல உள்ளங்கைக்குள் மடிந்தது.

பச்சைக் கார் பாய்ந்தது. கொடி எழுந்தது. எது முதலில் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

மார்லிஸின் கால் கிளட்சிலேயே இருந்தது.

அந்த விரலை அவளுக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். விடிந்ததும் போர்வை மேல் கிடக்கும் கை. கண் திறப்பதற்கும் முன்னால் அந்த ஒரு விரல் மடியும், அதன்பின்தான் அவன் எழுந்து உட்காருவான். எதைத் தொடங்கும் முன்னாலும் அப்படித்தான். கேலனுக்கே அது தெரியாது. சொன்னால் நின்றுவிடுமோ என்று அவள் சொன்னதே இல்லை. கோட்டில் அதைத் தேட வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியதில்லை. அது வீட்டுக்குள் இருக்கிற விஷயம்.

கொரின் அதை வந்த முதல் நாளே தெரிந்து வைத்திருந்தாள்.

தூரத்தில் பச்சைக் கார் எல்லையைத் தாண்டியது. கூட்டம் கத்தியது. மார்லிஸின் இயந்திரம் நின்ற இடத்திலேயே சூடேறிக்கொண்டிருந்தது. வெப்பமானி முள் சிவப்பை நெருங்கியது.

கேலன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஜன்னல் விளிம்பில் இடது கையை ஊன்றிக் குனிந்தான்.

"என்னம்மா ஆச்சு? கிளட்ச் போயிடுச்சா?"

மார்லிஸ் முன்கண்ணாடி வழியே ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா, கேலன்?"

அவன் பச்சைக் கார் போன பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

பிறகு, ஜன்னல் விளிம்பில், அந்த விரல் மடிந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் மார்லிஸ் கிளட்சை விட்டாள்.