எழுத்து விஷயம்

ஞானசேகரனுக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது.

நேற்று முதுநகர் கூட்ஸ் ஷெட்டில் யூரியா வேகன் இறக்கினான். மூட்டைகள் லாரியேறிப் போய்விட்டன. வலி மட்டும் அவனோடு புவனகிரி வீட்டுக்கு வந்து, ராத்திரி கூடவே படுத்து, காலையில் கூடவே பஸ்ஸும் ஏறிவிட்டது.

காலையிலிருந்து வரிசையில் நகர்ந்து, இப்போது அந்தத் தோளைச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக் கவுண்டர் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றான். கையில் நாலாக மடித்த விண்ணப்பம். எழுத்துப் பயிற்சியில் ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பு, பட்டதாரிகளுக்கு மட்டும்.

இன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றுதான் தலையே நரைத்துப்போனது.

கவுண்டரில் இருந்த அம்மாள் அவன் சட்டையைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"டிகிரி முடிச்சவங்களுக்குத்தான் இது. தெரியுமில்ல?"

"முடிச்சாச்சு மேடம். பி.ஏ. ஹிஸ்டரி, தபால்ல, கல்யாணத்துக்கு முந்தியே. ஜெராக்ஸ் வச்சிருக்கேன். எந்தப் பிரிவுன்னுதான் தெரியல."

"படைப்பெழுத்து இருக்கு, செய்தி எழுத்து இருக்கு, திரைக்கதை இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்குள் வராந்தாப் படி வரைக்கும் பைக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் இளவரசு. பெண்டாட்டியின் தம்பி.

தப்பு ஞானசேகரனுடையதுதான். வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறியவன், ஏணி கேட்டுப் போன் செய்த மச்சானிடம் உளறிவிட்டான்: "எழுத்து விஷயமா சிதம்பரம் வந்திருக்கேன். கீழவீதி தாண்டி, பச்ச கேட்டு போட்ட கட்டடம், கவுண்டர்ல நிக்கிறேன். உங்கக்காகிட்ட மூச்சு விடாத."

எங்கள் பக்கத்தில் எழுத்து என்றால் ஒன்றுதான். பத்திர ஆபீசில் உட்கார்ந்து மனையை எழுதுவது, வீட்டை எழுதுவது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் எழுதுவதென்றால் விளக்கமே வேண்டாம்.

"மாமா, அந்தத் தாளக் கீழ வையி."

"டேய், இரு—"

"மனைய யாருக்கு எழுதப் போற? உன் தங்கச்சிக்கா? எங்கப்பா குடுத்த மனை அது. அதுல ஒரு கக்கூஸ் கட்டத் துப்பில்ல, எழுதறதுக்கு மட்டும் கை வந்துடுச்சா?"

பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் காதிலிருந்த ஒயரைக் கழற்றினார்கள்.

கவுண்டர் அம்மாளுக்கு அவசரம். "சார், படைப்பெழுத்தா, செய்தியா, திரைக்கதையா?"

"எந்த எழுத்தா இருந்தாலும் சரி," என்றான் இளவரசு, "எங்கக்கா கையெழுத்து இல்லாம செல்லாதும்மா."

அவள் ஞானசேகரன் கையிலிருந்து விண்ணப்பத்தை உருவிப் பிரித்தாள். ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். அவன் மீசையைப் பார்த்தாள்.

"சந்திரலேகா யாரு?"

"எங்கக்கா," என்றான் இளவரசு. சொன்ன வாய் சொன்னபடியே திறந்து கிடந்தது.

"அப்ப தம்பி சொல்றது சரிதான். அவங்க கையெழுத்து இல்லாம இது செல்லாது."

எல்லாக் கட்டத்தையும் பார்த்துப் பார்த்து நிரப்பியவன் அந்த ஒரு கட்டத்தை விட்டிருந்தான். 'இந்த வருஷம் சேத்துடறேன்' என்று அவன் சொல்லும்போதெல்லாம் சந்திரலேகா குழம்பைக் கிளறிக்கொண்டே "சரி, சரி" என்பாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தச் சரியை இன்னொரு தடவை கேட்க முடியாமல்தான், சேர்த்துவிட்டு ரசீதோடு போய் நிற்கலாம் என்று வந்திருந்தான்.

இளவரசு விண்ணப்பத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். "எழுதறதுக்குன்னு ஒரு படிப்பா மாமா? அக்காவுக்கா?"

"குழாத் தண்ணிக்கு அவ எழுதின மனுவப் படிச்சிட்டு ஆபீசரே சிரிச்சாருல்ல."

"என் தம்பி குளித்து ஒரு வாரமாகிறது, ஊர் நலன் கருதி ஆவன செய்யவும்னு எழுதினாளே, அதுவா?"

"குழா வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. மானம்தான் போச்சு." இளவரசு கவுண்டர் பக்கம் திரும்பினான். "மேடம், படைப்பெல்லாம் வேணாம். அவ எழுதறது அத்தனையும் நெசம். செய்தின்னே போட்டுக்குங்க."

"அத அவ போடட்டும்," என்றான் ஞானசேகரன்.

கவுண்டர் அம்மாள் கடிகாரத்தைக் காட்டினாள். மூன்றைத் தாண்டியிருந்தது. புவனகிரி போய்த் திரும்ப பைக்கில் நேரம் இருந்தது, வழியில் ரயில்வே கேட் ஏதும் மூடாமலிருந்தால்.

இளவரசு தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை உதைத்தான்.

"கையெழுத்துக் கேட்டா செருப்பெடுப்பா மாமா. என்னன்னு சொல்றது?"

"நிச்சயத்தன்னிக்கி சொன்னதுன்னு சொல்லு. அவளுக்குத் தெரியும்."

இளவரசுவுக்கும் தெரியும். அரைக்கால் சட்டையோடு அன்றைக்கு அவனும் பக்கத்தில்தான் நின்றான். தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே, மாமனாரைப் பார்த்து ஞானசேகரன் சொன்னான்: "உங்க பொண்ண மேல படிக்க வைக்கிறேன்."

மாமனார் மனையைக் கொடுத்தார், பெண்ணைக் கொடுத்தார், செத்தும் போய்விட்டார்.

பைக் பச்சை கேட்டைத் தாண்டிப் போனது. ஞானசேகரன் வலிக்கிற தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வாக்கு சந்திரலேகாவுக்கு இன்னும் பாக்கி.